அதியமான் பாடல்களில் 'கருப்பொருள்' எழுதுவது எப்படி? கட்டுரை திரும்பி வந்துவிட்டது

#1 பாப்பாரப்பட்டி_அன்பு

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் தமிழ் முதலாண்டு. புறநானூற்றில் ஔவையார் பாடிய 91, 95, 232, 235 ஆகிய நான்கு பாடல்களின் கருப்பொருளை ஆராய்ந்து 8 பக்கம் எழுத வேண்டும். முதல் வரைவில் "இது பொழிப்புரை, ஆய்வு அல்ல" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் எழுதியதன் சுருக்கம்: 91 கொடை, 95 வீரம், 232 நட்பு, 235 இரங்கல். ஒவ்வொன்றுக்கும் பாட்டு, பொருள், பிறகு "இதனால் அதியமானின் கொடைச் சிறப்பு புலனாகிறது" என்று ஒரு வரி. இதில் எங்கே தப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? தருமபுரிக்காரனாக இருந்துகொண்டு அதியமானில் கோட்டை விட்டால் நன்றாக இருக்காது.

#2 தகடூர்_ஏடு

தம்பி, நீங்கள் எழுதியது நான்கு தலைப்புகள். 'கொடை' என்பது பாட்டு எதைப் பற்றியது என்று சொல்கிறது. கொடையைப் பற்றி அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்பது அதில் இல்லை. ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு முழு வாக்கியமாக்கி, 'இல்லை, அப்படி இல்லை' என்று இன்னொருவர் பாட்டை வைத்தே மறுக்க முடியுமா என்று பாருங்கள். "91இன் கருப்பொருள் கொடை" என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் அதை நிறுவ வேண்டிய வேலையும் உங்களுக்கு இல்லை. "91இல் கொடையின் உயர்வு நெல்லிக்கனியில் இல்லை, அதன் பயனைச் சொல்லாமல் மறைத்ததில் இருக்கிறது" என்று எழுதினால் மறுக்க இடம் உண்டு. அப்போது "ஆதல் நின்னகத்து அடக்கி" என்ற அடியை நீங்கள் சான்றாகக் கொண்டுவர வேண்டி வரும். அந்த அடியின் வேலையை விளக்கும்போது கட்டுரை தானாக நகரும்.

"புலனாகிறது", "விளங்குகிறது", "அறிய முடிகிறது" என்று முடியும் வாக்கியங்களை வரைவில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் எந்தச் சொல்லால் புலனாகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடலாம்.

#3 சூளகிரி_குமார்

அதற்கு முன்னால் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. 'கருப்பொருள்' என்ற சொல்லே இங்கே வில்லங்கம். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு திணையின் நிலத்துக்கு உரியவை. முதல், கரு, உரி என்ற மூன்றில் நடுவில் நிற்பது. "91இன் கருப்பொருளை ஆராய்க" என்றால் நெல்லி மரம் என்று எழுதினாலும் சரிதான் என்று வாதாடலாம்.

#4 ஊத்தங்கரை_மலர்

குமார் சார் சொல்வது விதண்டாவாதம் இல்லை. விடைத்தாள்களில் இந்தக் குழப்பம் நிஜமாகவே வரும். ஒரே பத்தியில் 'கருப்பொருள்' இரண்டு அர்த்தத்தில் வந்து நிற்கும்.

நடைமுறையில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. பள்ளிப் பாடங்களில் 'மையக்கருத்து'. ஒப்பிலக்கிய நூல்களில் 'அடிக்கருத்து', அந்தத் துறைக்கே 'அடிக்கருத்தியல்' என்று பெயர். பத்திரிகை விமர்சனத்தில் 'கரு' அல்லது 'பேசுபொருள்'. சங்கப் பாடலைப் பற்றி எழுதும்போது 'கருப்பொருள்' வேண்டவே வேண்டாம். தலைப்பை மாற்ற முடியாதென்றால் முதல் பத்தியிலேயே 'இங்கே கருப்பொருள் என்பது அடிக்கருத்தைக் குறிக்கிறது, திணைக் கருப்பொருளை அன்று' என்று ஒரு வரி போட்டுவிட்டு, பிறகு கடைசி வரை 'அடிக்கருத்து' என்றே எழுதுங்கள் அன்பு.

அகப்பாடலாக இருந்தால் அடிக்கருத்துக்குக் கொஞ்சம் நெருக்கமானது உரிப்பொருள். ஆனால் அதுவும் தலைப்பு மட்டத்தில்தான் நிற்கும். 'பிரிவு' என்பது உரிப்பொருள்; பிரிவைப் பற்றி அந்தத் தலைவி என்ன சொல்கிறாள் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறு.

புறத்தில் 'துறை' (பாட்டு எந்த வகை என்று சொல்லும் குறிப்பு) இதே வேலையைச் செய்து ஆளை ஏமாற்றும். 95க்குத் துறை வாண்மங்கலம், அதாவது வாளை வாழ்த்துவது. அதைப் பார்த்ததும் 'வீரம்' என்று எழுதத் தோன்றும். பாட்டின் கடைசி நான்கு அடிகளைப் படித்துப் பாருங்கள். அங்கே போர் எங்கே இருக்கிறது?

#5 பாப்பாரப்பட்டி_அன்பு

பார்த்தேன் மேடம். "உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும், இல்லோர் ஒக்கல் தலைவன்". சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கிறது. வேல் என்ற ஆயுதத்தைப் பாடும் பாட்டில் இது ஏன் வருகிறது என்று யோசிக்கவே இல்லை.

#6 தகடூர்_ஏடு

அந்த 'ஏன் இங்கே' என்ற கேள்விதான் கட்டுரையின் வித்து. 95ஐ நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் பாதியில் இரண்டு ஆயுதக் குவியல். 'இவ்வே' என்று ஒன்று: பீலி (மயில் தோகை) அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, "கடியுடை வியன்நகர்" என்ற காவல் மிகுந்த அகன்ற மாளிகையில் இருக்கிறது. 'அவ்வே' என்று மற்றொன்று: பகைவரைக் குத்தி நுனி சிதைந்து "கொல்துறைக் குற்றில்" கிடக்கிறது. குற்றில் என்பது குறு + இல், கொல்லனுடைய சின்னக் கொட்டில். அலங்காரம் பெரிய வீட்டில், பயன் சின்ன வீட்டில். புகழ்வது போலத் தொடங்கி இகழ்ச்சியில் முடிகிறது. இதுவரைக்கும் எல்லா நோட்ஸிலும் இருக்கும்.

அடுத்த அடிகளில் அதே எதிர்மறை சோற்றுக்கு மாறுகிறது. உண்டாயின் கொடுப்பான், இல்லாயின் உடன் உண்பான். அவன் வேல் எப்படிப் பளபளப்பாக வீட்டில் இருக்காதோ, அதுபோல அவன் சோறும் தனியாக இருக்காது. வைத்துக்கொள்வதற்கும் புழங்குவதற்கும் உள்ள வேறுபாடு இரண்டு பாதிக்கும் பொது. 'வீரம்' என்று பெயர் வைத்தால் பின்பாதி வெளியே விழுந்துவிடுகிறது, 'கொடை' என்றால் முன்பாதி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தாங்கும் கருத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று. 'தொண்டைமான்' என்ற பெயர் பாட்டுக்குள் இல்லை. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை அடிக்குறிப்பில் இருப்பது. "தொண்டைமானை ஔவையார் கேலி செய்கிறார்" என்று எழுதும்போது பாட்டிலிருந்து பாதி, குறிப்பிலிருந்து பாதி எடுக்கிறீர்கள். எடுக்கலாம், எது எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

#7 சூளகிரி_குமார்

அதையும் தாண்டிப் போகலாம். 91இல் மட்டும்தான் "அதியர் கோமான்", "அஞ்சி" என்று பெயர் இருக்கிறது. 95இல் "அண்ணல் எம் கோமான்". 235இல் "எந்தை". 232இல் பெயரே இல்லை. நான்கில் மூன்று பாடல்கள் அதியமானைப் பற்றியவை என்பதே அடிக்குறிப்பை நம்பித்தான். ஒரு வரலாற்று மனிதரின் குணத்தை நிறுவப் போகிறேன் என்று இறங்கினால் காலடி மண் சரியும். நான்கு பாடல்களிலும் கொடை எப்படிப் பேசப்படுகிறது என்று கேட்டால் தப்பித்தீர்கள்.

#8 தகடூர்_ஏடு

ஒப்புக்கொள்கிறேன். கொளு (அந்த அடிக்குறிப்பு) சொல்வதை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அதைச் சான்றாக அடுக்கக் கூடாது.

#9 அரூர்_வாசகி

அன்பு தம்பி, வேலை செய்யும் முறை ஒன்று சொல்கிறேன். பேப்பரும் இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

நான்கு பாடல்களையும் ஒவ்வொரு தாளில் அடிக்கு அடி இடைவெளி விட்டு எழுதுங்கள். கையால் எழுதுவது முக்கியம், ஒட்டி எடுத்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். முதல் தடவை பொருள் மட்டும். இரண்டாவது தடவை ஒரு நிறத்தில் பொருட்பெயர்களை மட்டும் அடிக்கோடு: வேல், பீலி, கலம், கள், நெல்லி, கை, தலை. மூன்றாவது தடவை மற்ற நிறத்தில் அளவும் தன்மையும் சொல்லும் சொற்கள்: சிறு, பெரு, வியன், நனிபல. நான்காவது தடவை தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பாடலில் வருவதை மட்டும் வட்டமிடுங்கள்.

வட்டம் விழுந்தது எல்லாம் அடிக்கருத்து ஆகாது. மீண்டும் வரும்போது அதன் வேலை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறாமல் வந்தால் பெரும்பாலும் மரபான அடைமொழி. மாறி வந்தால் அங்கே தோண்டுங்கள்.

உதாரணத்துக்கு 'பீலி'யை மட்டும் எடுத்துப் பாருங்களேன். 95இலும் இருக்கிறது, 232இலும் இருக்கிறது.

#10 பாப்பாரப்பட்டி_அன்பு

அக்கா, 95இல் பீலி பயன்படாத ஆயுதத்தின் மேல். 232இல் "நடுகல் பீலி சூட்டி". அவனே கல்லாகிவிட்ட பிறகு அவன் மேல்!

#11 அரூர்_வாசகி

அதேதான். 95இல் பீலி சூட்டப்பட்டது என்றால் புழக்கத்தில் இல்லாதது என்று அர்த்தம். 232இல் பீலி சூட்டப்பட்டிருப்பது அவனுக்கு. அந்தப் பாட்டு நேரடியாக அப்படிச் சொல்லவில்லை, பீலி சூட்டுவது நடுகல் வழிபாட்டில் வழக்கம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வாசகருக்கு அந்த நெருடல் தப்பாது.

நம் பக்கத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒரு தடவை பார்த்துவிட்டு 232ஐப் படித்தால் அந்தக் கல்லுக்கு முன் கள்ளை ஊற்றுவது எவ்வளவு சின்னச் செயல் என்பது கண்ணில் படும். "நார் அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ". நாரால் வடித்த கள், சிறிய கலம். எதிரில் மலை பொருந்திய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன். அந்தச் 'சிறு'வைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று பாட்டுக்கும் போங்கள்.

#12 ஊத்தங்கரை_மலர்

'சிறு' நல்ல நூல். 91இல் "பெருமலை விடரகத்து" கிடைத்த "சிறியிலை நெல்லி". 95இல் வியன்நகர், குற்றில். 232இல் சிறுகலம், நாடு. 235இல் சிறிய கள், பெரிய கள், சிறுசோறு, பெருஞ்சோறு. நான்கிலும் சிறியது பெரியது என்ற தராசு இருக்கிறது, நான்கிலும் மதிப்பு சிறிய தட்டின் பக்கம் சாய்கிறது.

235ஐக் கவனமாகப் படிக்க வேண்டும், பலர் இங்கே சறுக்குவார்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, அவனும் மகிழ்ந்து உண்பான். கொஞ்சமாக இருக்கும்போது தனக்கில்லாமல் கொடுப்பது, நிறைய இருக்கும்போது கூட இருந்து உண்பது. 'வாரி வழங்கினான்' என்று பொழிப்பு எழுதினால் இந்த நுட்பம் போய்விடும். 95இல் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறது: இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் உடன் உண்பான். இரண்டிலும் 'உடன்' என்ற உணர்வு நிற்கிறது.

#13 ஓசூர்_நிரல்

கணினியில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சிறு' என்று தேடினால் 91 விட்டுப்போகும், அங்கே 'சிறியிலை'. வேறு பாடல்களுக்குப் போனால் அடுத்த சொல்லோடு சேரும்போது உருவே மாறிவிடும்: சிறு + ஊர் 'சீறூர்', சிறு + யாழ் 'சீறியாழ்'. சிறு, சிறி, சீறூ, சீறி, குறு, குற் என்று ஆறு தேடலாவது போட வேண்டும். அப்போது 'சீறி' என்று கோபித்த பாம்பும் வந்து நிற்கும், கையால் களைய வேண்டியதுதான்.

சந்தி பிரித்த பதிப்பும் பிரிக்காத பதிப்பும் வேறு வேறு எண்ணிக்கை தரும். 'ஈயு மன்னே', 'ஈயும் மன்னே', 'எமக்கீயும்; மன்னே' மூன்றும் இணையத்தில் இருக்கின்றன. எண்ணிக்கை சொல்கிறவர் எந்தப் பதிப்பு என்றும் சொல்லிவிடுவது நல்லது.

#14 தகடூர்_ஏடு

நிரல் 'மன்னே'யைத் தொட்டுவிட்டார். 235இல் அடிக்கருத்து முழுவதும் அந்த ஓர் இடைச்சொல்லில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

20 அடிப் பாட்டு. முதல் 9 அடிகளில் 'மன்னே' 7 தடவை வருகிறது. பத்தாம் அடியிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. தொல்காப்பிய இடையியல் 'மன்' என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் சொல்கிறது. கழிவுக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே இந்தப் பாட்டின் முதல் அடிதான். 'தருவான், அது கழிந்தது' என்று பொருள். வினைமுற்று "ஈயும்", "உண்ணும்", "நிற்கும்", "தைவரும்" என்று இன்றும் நடப்பது போல நிற்கிறது. பின்னால் வரும் 'மன்' அதைப் பிடுங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் பறிப்பதும் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளேயும் நடக்கிறது, ஏழு தடவை. இதைப் 'புலம்பல் தொனி' என்று ஒரு சொல்லில் கடந்துபோனால் பாட்டு கையை விட்டுப் போயிற்று.

ஒன்பதாம் அடி கடைசி 'மன்னே'. "நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என் தலை தைவரும்". மணம் வீசும் கை, புலால் வாடை வீசும் தலை. பட்டியலின் உச்சியில் பொருளே இல்லை, தொடுதல் மட்டும். அதற்கடுத்த அடிகளில் வேல் பாய்கிறது. எங்கெல்லாம் பாய்கிறது என்று எண்ணுங்கள்: பாணரின் அகன்ற மண்டை (அவர்கள் ஏந்தும் உண்கலம், தலை என்று எழுதிவிடாதீர்கள்), இரப்போரின் கை, காக்கப்பட்டவரின் கண்பாவை, புலவரின் நா. அவன் மார்பில் இறங்கிய ஒரே வேல் பெற்றுக்கொண்டவர்களின் கலத்திலும் கையிலும் கண்ணிலும் நாவிலும் போய்ச் சேர்கிறது. 95 "வைந்நுதி வேலே" என்று அவன் வேலில் முடிந்தது. இங்கே 15ஆம் அடி "இயங்கிய வேலே" என்று அவனைக் கொன்ற வேலில் நிற்கிறது.

#15 பாப்பாரப்பட்டி_அன்பு

ஐயா, 91இல் "மன்னுக பெரும" என்று வாழ்த்துகிறார். 235இல் 'மன்னே' என்று அழுகிறார். இதையும் சேர்க்கலாமா? நிலைத்திரு என்ற அதே சொல் இழப்பாகத் திரும்பி வருகிறதே!

#16 சூளகிரி_குமார்

அன்பு, இந்த இடத்தில்தான் பிரேக் போடணும். 'மன்னுக' வினை, 'மன்' இடைச்சொல். 91ஐயும் 235ஐயும் ஒருவர் பாடியிருந்தாலும், ஒன்றைப் பாடும்போது மற்றதை மனதில் வைத்திருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. தொகுத்தது வேறு ஆள். ஒலி ஒன்றுபோல இருப்பதால் கருத்தும் இணைகிறது என்றால் 'மன்னர்', 'மன்றம்' எல்லாவற்றையும் இழுத்து வரலாம்.

#17 அரூர்_வாசகி

குமார் அண்ணா, ஆசிரியர் நினைத்தார் என்று எழுதினால்தான் அந்தத் தடை. 'இரு பாடல்களையும் சேர்த்து வாசிக்கையில் இந்த ஒலி ஒற்றுமை கேட்கிறது' என்று எழுதினால் பிரச்சினை இல்லை. ஆனால் அதைக் கட்டுரையின் தூணாக வைக்காதே தம்பி. தூண் 235இன் ஏழு 'மன்னே'. 'மன்னுக' ஓரமாக ஒரு வாக்கியம் போதும்.

#18 சூளகிரி_குமார்

அப்படியென்றால் சரி.

இன்னொரு இடறல், இதுதான் அதிகம் நடப்பது. 'அறம் செய விரும்பு' என்று ஆத்திசூடியை மேற்கோள் காட்டி ஔவையார் கொடையை வலியுறுத்துபவர் என்று எழுதுவது. ஆத்திசூடி ஔவை வேறு, புறநானூற்று ஔவை வேறு, நடுவில் பல நூற்றாண்டு. அதிலும் சிலர் நாவற்பழக் கதையையும் சேர்த்துவிடுவார்கள். நெல்லியும் நாவலும் ஒரே கூடைக்குள் வந்துவிட்டால் படிக்கிறவர் பேனாவை மூடிவிடுவார்.

#19 தகடூர்_ஏடு

இப்போது எதிர்ச்சான்று. இதைச் செய்யாத கட்டுரை புகழுரையாகத்தான் நிற்கும். 'கேட்டவர்க்கெல்லாம் தயங்காமல் கொடுத்தான்' என்று எழுதப் போகிறீர்களா? 206ஐ என்ன செய்வீர்கள்? வாயிற்காவலனைப் பார்த்து, நெடுமான் அஞ்சி "தன் அறியலன் கொல் என் அறியலன் கொல்" என்று ஔவையாரே கேட்டுவிட்டு, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று கிளம்புகிறார். பரிசில் தாமதமான கோபம். மாறாக 101இல், காலம் நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போல அது கையில் இருப்பதுதான் என்கிறார். அதே தாமதம், வேறு குரல்.

இரண்டையும் விட முக்கியமானது 208. பெருஞ்சித்திரனார் அதியமானிடம் போகிறார். அவரைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுக்கிறார். பேணி, தகுதி அறிந்து கொடுத்தால் "தினை அனைத்து ஆயினும்" இனிது என்கிறார். மலர் மேடம் சொன்ன அந்தச் சிறியது இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

208ஐக் கண்டு பயப்படாதீர்கள். உங்கள் கருத்தைக் கூர்மையாக்கவே அது உதவும். பொருள் வந்தது, ஆள் வரவில்லை. அதனால் அது கொடை ஆகவில்லை. 235இல் தலையைத் தடவும் கை, 95இல் உடன் உண்ணுதல் இரண்டையும் இதன் பக்கத்தில் வையுங்கள்.

#20 பாப்பாரப்பட்டி_அன்பு

மூன்று வரைவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அதியமானின் கொடை தன்னலமற்றது.
இரண்டு: கொடை உயர்ந்தது, அனைவரும் கொடுக்க வேண்டும்.
மூன்று: இப்பாடல்களில் கொடையின் மதிப்பு கொடுக்கும் பொருளின் அளவில் இல்லை, கொடுப்பவன் உடன் இருப்பதில் இருக்கிறது, அதனால்தான் அவன் இறந்தபின் கொடுப்பதும் பெறுவதும் பொருளற்றுப் போகின்றன.

#21 ஊத்தங்கரை_மலர்

முதலாவது குணச்சான்றிதழ். இரண்டாவது நீதி; பாட்டு யாரையும் கொடுக்கச் சொல்லவில்லை. 235 "பிறர்க்கு ஒன்று ஈயாது வீயும் உயிர்தவப் பலவே" என்று முடிவதை அறிவுரையாகப் பலர் எடுப்பார்கள். குளிர்ந்த துறையில் யாரும் சூடாமல் கிடந்து வீணாகும் பகன்றைப் பூ அதற்கு உவமை. அதில் கண்டிப்பை விட வெறுமைதான் கேட்கிறது.

மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 'பொருளற்றுப் போகின்றன' என்பது கூடுதல். 232 கேள்வியாகத்தான் நிற்கிறது: "கொள்வன் கொல்லோ?" கொள்வானா என்று தெரியாமலே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவன் பெறுகிறவனாக மாறிவிட்டான், பெற்றுப் பழகியவர்கள் கொடுக்க நிற்கிறார்கள். அந்தத் தலைகீழை எழுதுங்கள், முடிவைப் பாட்டை விட உறுதியாகச் சொல்லாதீர்கள்.

#22 ஓசூர்_நிரல்

இடையில் ஒரு கேள்வி. நாவல், சிறுகதைக்கும் இதே முறை சரிப்படுமா? 300 பக்க நாவலைக் கையால் எழுத முடியாதே.

#23 அரூர்_வாசகி

நாவலுக்கு முதல் 10 பக்கம், கடைசி 10 பக்கம், நடுவில் ஏதோ ஒன்று முறியும் அத்தியாயம். இந்த மூன்று இடத்தை மட்டும் பாட்டு போல வரிவரியாகப் படிக்கலாம். மற்றதற்கு மீண்டும் வரும் பொருட்களின் பட்டியல், பக்க எண்ணோடு.

ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம். சந்தூர் பக்கம் மாந்தோப்பு, குத்தகைக்காரர் ஒருவர். முதல் காட்சியில் பெங்களூரா காயைத் தன் தராசில் நிறுத்து வியாபாரியிடம் விலை பேசுகிறார். நடுவில் மாங்கூழ் ஆலையின் எடைமேடை. லாரியோடு நிறுக்கிறார்கள், கழிவு என்று எவ்வளவோ எழுதுகிறார்கள், அவர் திரையில் எண் மாறுவதை அண்ணாந்து பார்க்கிறார். கடைசியில் வீட்டில் பழைய தராசில் பேத்தி கல்லும் மண்ணும் வைத்து விளையாடுகிறாள், "இது ஒரு டன்" என்கிறாள். இதற்கு 'விவசாயிகளின் துயரம்' என்று எழுதினால் தலைப்பு. தராசு மூன்று தடவை, மூன்று கையில். 'அளவு யார் கையிலோ விலையும் அவர் கையில்' என்பது அடிக்கருத்து. பேத்தி காட்சி அதை உறுதிசெய்கிறதா, கேலி செய்கிறதா என்று இரண்டு பேர் சண்டை போடலாம். அங்கேதான் ஆய்வு.

சோதிக்க ஒரு வழி: அந்தப் பேத்தி காட்சியை எடுத்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் எழுதிய அடிக்கருத்து அப்படியே நின்றால் அந்தக் காட்சியை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

#24 சூளகிரி_குமார்

கதை சொல்பவரின் குரலைக் கதையின் கருத்து என்று எடுத்துக்கொள்வது இங்கே பெரிய பள்ளம். குத்தகைக்காரர் "எல்லாம் விதி" என்று சொன்னால் அது அவர் பேச்சு. கதை விதியைப் பற்றியது ஆகிவிடாது. எடைமேடையைக் காட்டிவிட்டு விதி என்று சொல்ல வைக்கிற கதை, அவரோடு உடன்படவில்லை என்றுதான் படிக்க வேண்டி வரும்.

ஒரு கதைக்கு ஒரே அடிக்கருத்து என்பதும் இல்லை. நம்ம பக்கம் பாரதக் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாரதம்தான். கர்ண மோட்சம் ஆடும் இரவு செஞ்சோற்றுக் கடனைப் பேசுகிறது, அர்ச்சுனன் தபசு வேறொன்றைப் பேசுகிறது, படுகளத்தன்று காலையில் மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும்போது இன்னொன்று. எங்கே வெட்டி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

#25 தகடூர்_ஏடு

அன்பு, 8 பக்கத்தை இப்படிப் பிரித்தால் அடைபடும். அரைப் பக்கம் சொல் விளக்கமும் கருத்து வாக்கியமும். 95க்கு ஒன்றரைப் பக்கம். 91க்கு ஒரு பக்கம். நெல்லிக் கதை எல்லோருக்கும் தெரியும், மீண்டும் சொல்ல வேண்டாம், "அடக்கி" என்ற சொல்லையும் நஞ்சைக் கழுத்தில் அடக்கியவனோடு ஒப்பிடும் உவமையையும் மட்டும் எடுங்கள். அவன் நஞ்சை உள்ளே அடக்கினான், இவன் கனியின் பயனை உள்ளே அடக்கினான். 235க்கு இரண்டரைப் பக்கம், கட்டுரையின் எடை அங்கேதான். 232க்கு ஒரு பக்கம். 206, 208க்கு ஒன்றரைப் பக்கம்.

பத்திக்கு ஒரு மேற்கோள், இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். மேற்கோளுக்குப் பிறகு வரும் முதல் வாக்கியம் அதன் பொழிப்பாக இருக்கக் கூடாது; அதிலுள்ள ஒரு சொல்லைப் பெயர் சொல்லித் தொடங்குங்கள். பொழிப்பு தேவையென்றால் மேற்கோளுக்கு முன்னால் அரை வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

பாடல் வரிசையில் எழுதாதீர்கள். 95, 91, 208, 206, 235, 232 என்று போனால் இருப்பது, மறைப்பது, வராதது, தாமதிப்பது, இறப்பது, கல்லாவது என்று வாதம் தானே ஏறும்.

பழைய உரை 266 பாட்டு வரைக்கும் இருக்கிறது, உங்கள் பாடல்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். உ.வே.சா. பதிப்பில் அந்த உரையைப் பார்த்துவிட்டுப் பிறகு புதிய உரைகளுக்குப் போங்கள்.

#26 பாப்பாரப்பட்டி_அன்பு

கருத்து வாக்கியத்தைத் திருத்தினேன்: "இப்பாடல்களில் கொடையின் மதிப்பு பொருளின் அளவில் இல்லை, கொடுப்பவன் உடன் இருப்பதில் இருக்கிறது. அவன் கல்லான பின், பெற்றவர்களே கொடுக்க நிற்கிறார்கள், பெறுவானா என்று தெரியாமல்."

95இலிருந்து தொடங்குகிறேன். எல்லோருக்கும் நன்றி.

#27 ஓசூர்_நிரல்

'மன்னே' 7 என்று எழுதும்போது பதிப்பைக் குறிப்பிட மறக்காதீர்கள். நான் பார்த்த ஒரு இணையப் பக்கத்தில் ஒரு 'மன்னே' அடுத்த அடிக்கு இறங்கியிருந்தது, அடி எண் ஒன்று தள்ளிப்போய்விடும்.